செத்தது பொலிஸ்தானே!

ஒவ்வொரு யூலையும் எங்கட கடைக் குசினியில் ஒரு சண்டை வரும். அல் கூஸ் இன்டஸ்ரியல் ஏரியாவில் பகல் சாப்பாட்டுச் சனம் போய், சட்டிபானை கழுவுகிற நேரம். 83ஐப் பற்றிக் கதை தொடங்கும். நான் 2017ஐப் பற்றியும் கதைக்கவேண்டும் என்றால், உடனே ஒருத்தன் சொல்லுவான்: "விடுங்கோ அண்ணை, செத்தது பொலிஸ்தானே."

இந்தத் "தானே"யைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

22.07.2017, சனிக்கிழமை. நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட யாழ் மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியனின் கார் போகிறது. நெரிசலை விலக்க இறங்கிய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திரவின் இடுப்பில் இருந்த பிஸ்டலை ஒருத்தன் பறித்து, அவரையே சுட்டான். இன்னொரு பொலிஸ்காரரும் காயப்பட்டார். ஹேமச்சந்திர அடுத்த நாள் யாழ் ஆஸ்பத்திரியில் செத்துப்போனார். அடுத்த நாள் என்ன நாள்? யூலை 23. நாங்கள் விளக்குக் கொளுத்துகிற அதே நாள்.

இளஞ்செழியன் யார் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புங்குடுதீவு மாணவி வித்தியா வழக்கில் அதே வருசம் செப்டெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை கொடுத்த மூன்று நீதிபதிகளில் ஒருவர். அந்த மனிசன் ஹேமச்சந்திரவின் மனைவியின் காலில் விழுந்து அழுதார். பதினைந்து வருசத்துக்கு மேல் தன்னோடு நின்றவரின் இரண்டு பிள்ளைகளின் பொறுப்பையும் தானே எடுத்தார்.

படம் வந்த அன்று எங்கட குசினியிலேயே ஒருத்தன் நடிப்பு என்றான். இன்னொருத்தன், ஒரு தமிழ் நீதிபதி சிங்களத்தியின் காலில் விழுகிறதோ என்று கேட்டான். நான் கேட்கிறேன், அந்த மனிசி என்ன அரசாங்கமா? அவ 83இல் எங்கட கடையை எரித்தவவா? புருசன் வேலை முடிஞ்சு வருவான் என்று சிலாபத்தில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண். அவ்வளவுதான்.

இந்தத் "தானே" 2017இல் முளைத்தது இல்லை. 31.05.1981இல் யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் கூட்டணியின் தேர்தல் கூட்டம். காவலுக்கு நின்ற பொலிஸார் மேல் வெடி விழுந்தது. இரண்டு பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு பொலிஸ் ஆடின வெறியாட்டத்தில் எங்கட நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. நூலகத்தை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அந்த இரண்டு பேரில் ஒருத்தர் தமிழ்க் கான்ஸ்டபிள் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? காக்கிச் சட்டை போட்டதும் அவருடைய வீடு எங்கட கணக்கில் இருந்து வெட்டுப்பட்டுப் போச்சு. அவரைத் தமிழராகவும் அழவில்லை, மனிசராகவும் அழவில்லை.

எங்கட கடைக்குச் சோறும் பருப்பும் சாப்பிட வருகிற ஒரு சிங்களப் பொடியன் இருக்கிறான். பக்கத்து வெயார்ஹவுசில் செக்கியூரிட்டி. தகப்பன் பொலிஸ். 1990 யூனில் கிழக்கில் பொலிஸ் நிலையங்களைக் கைவிட்டுச் சரணடையச் சொல்லி மேலிடம் சொன்னது. சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரை இயக்கம் கொண்டுபோய்ச் சுட்டது. அதில் இவனுடைய அப்பாவும் ஒருத்தர். அப்போது இவனுக்கு நாலு வயது. ஒருநாள் கேட்டான், "அண்ணே, எலும்பாவது எங்கே?" கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் றோட்டுக்கு வந்து குந்திய எங்கட அம்மாமார் கேட்டதும் இதே கேள்விதான். சரணடைந்த என்ர பிள்ளை எங்கே? கேள்வி ஒன்று. அம்மாமார் கேட்டால் நியாயம், இவன் கேட்டால் எரிச்சலா?

இப்போது சிலர் பாய்ந்து விழுவீர்கள். பொலிஸ் எங்களுக்குச் செய்தது தெரியாதா என்று. தெரியும் ஐயா. 2006இல் ஏ9 பாதை பூட்டினதோடு கம்பஸ் படிப்பைப் பாதியில் விட்டு ஓடி வந்தவன் நான். இங்கே விசாவில் அகதி என்று போட மாட்டார்கள், சமையல் உதவியாள் என்றுதான் போடுவார்கள். அதே யாழ் கம்பசில் படித்த இரண்டு பொடியன்களை 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்தியில் பொலிஸ் சுட்டது. முதலில் விபத்து என்று கதை விட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் வெடிக்காயம் தெரிந்த பிறகுதான் ஐந்து பொலிஸாரைப் பிடித்தார்கள். அந்த இரண்டு தாய்மாருக்கும் நீதி கேட்கவேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் குளப்பிட்டியில் சுட்ட பொலிஸுக்கும் நல்லூரில் செத்த ஹேமச்சந்திரவுக்கும் சட்டை ஒன்று என்பதைத் தவிர என்ன தொடர்பு? ஒருத்தன் செய்ததற்கு இன்னொருத்தனின் பிள்ளை அழட்டும் என்பது யாருடைய நியாயம்? தின்னவேலியில் பதின்மூன்று ஆமிக்காரர் செத்ததற்குக் கொழும்பில் தமிழனை எரித்தவர்களின் நியாயம் அது. அதே தராசைத் தூக்கிக்கொண்டு நாங்களே நின்றால், யூலை 23இல் யாருக்கு எதிராக விளக்குக் கொளுத்துகிறோம்?

துவக்குப் பிடித்தவனை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இயக்கம் சுட்டாலென்ன, பொலிஸ் சுட்டாலென்ன, தெருவில் ஒரு வெறிகாரன் சுட்டாலென்ன, சுட்டவனைக் கேள்வி கேளுங்கள். செத்தவனின் வீட்டை அழவாவது விடுங்கள்.

கோபம் வருகிறவர்கள் கீழே திட்டிப்போட்டுப் போகலாம், அழிக்க மாட்டேன். திட்டுகிறதற்கு முதல் இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்: ஹேமச்சந்திரவின் பிள்ளைகள் முன்னால் வந்து நின்றால், "செத்தது பொலிஸ்தானே" என்று அவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவீர்களா?