மன்னாரில் சுழியோட்ட விழா: முதலில் யாரைக் கேட்கப் போகிறோம்?

போன கிழமை கன்டீனில் இருந்து ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகள். அங்கே ஒவ்வொரு ஜூலை மாதக் கடைசியிலும் அடுத்தடுத்து வரும் ஒரு புதனும் வியாழனும் கடற்கரை முழுக்கத் திருவிழாதான். வணிகப் பருவம் தொடங்க முன்னம், பொழுதுபோக்குச் சுழியோடிகள் சிங்கி றால் பிடிக்க விடப்படும் ரெண்டு நாள் அது. பார்த்து முடிய எங்களுக்குள் ஒருத்தர் கேட்டார்: "ஏன் மச்சான், மன்னாரில இப்பிடி ஒண்டு செய்யேலாதா?"

நல்ல கேள்வி. சுழியோடப் போகிறவர்கள் ஹிக்கடுவை, உனவட்டுன, கற்பிட்டி எண்டு போகிறார்கள். மன்னாருக்கு வருகிறவர்கள் கோட்டையையும் பெருக்கமரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வருமானம் வந்தால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் இந்தக் கடற்கரை இப்படியொரு கொண்டாட்டத்தை ஏற்கெனவே கண்டது. முத்துக்குளிப்புக் காலத்தில் சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கம் வெறும் மணலில் ஒரு நகரமே முளைக்கும். தமிழ்நாட்டுக் கரையில் இருந்தும் அரபு நாடுகளில் இருந்தும் குளியாளர்கள் வந்தார்கள். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அந்தக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினவர்களுக்கு மிச்சம் ஒரு பங்கு. அடுத்த வருசமே முத்துப்பாரை லண்டன் கம்பனி ஒன்றுக்குக் குத்தகைக்குப் போனது. சில வருசத்தில் பாரும் வெறுமை, கம்பனியும் மூடல். ஆளுநர் நோர்த் குளிப்பைப் பார்க்க அரிப்பில் கட்டின மாளிகையையும் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது.

குளிப்பு நின்றாலும் சுழியோடிகள் இல்லாமல் போகவில்லை. இண்டைக்கும் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆழத்தில் அமுக்கத்தோட சுவாசிக்கும் காற்றில் உள்ள நைதரசன் இரத்தத்தில் கரையும். கெதியாக மேலே வந்தால் அது குமிழியாகும். மூட்டு வலிக்கும், இடுப்புக்குக் கீழே உணர்வே போகலாம். சுற்றுலாச் சுழியோடிக்கு இதெல்லாம் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கப்படும். எடுத்த அட்டைக்குத்தான் காசு எண்டு இறங்குகிறவருக்கோ, இன்னொரு தரம் இறங்கினால் இன்னும் கொஞ்சக் காசு. ஒரே கடல், ஒரே சிலிண்டர். ஒருவருக்கு விளையாட்டு, மற்றவருக்குப் பிழைப்பு.

அந்த வீடியோவில் நாங்கள் கவனிக்காமல் விட்டதும் ஒண்டிருக்கு. கீஸ் பகுதியில் ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு றால்தான் பிடிக்கலாம். அளவுகோலைத் தண்ணிக்குள்ளேயே கொண்டுபோய் அளக்க வேண்டும். முட்டை சுமக்கும் பெட்டையைத் தொடக்கூடாது. முட்டையோடு இருக்கும் சிங்கி றாலைப் பிடிப்பது எங்கட நாட்டிலும் சட்டப்படி தடைதான். 2017இல் இழுவைமடியும் தடை செய்யப்பட்டது. எழுதின சட்டம் கடலில் நடக்குதா எண்டு பேசாலையிலோ வங்காலையிலோ கேட்டால் பதில் கிடைக்கும்.

ஆகவே விழா வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறோம். முதலில் இங்கே இறங்குகிற சுழியோடிகளுக்கு முறையான பயிற்சியும் காப்புறுதியும், அமுக்க நோய்க்கு நேரத்துக்குக் கிடைக்கும் சிகிச்சையும். பிறகு, எந்தப் பாரில், எந்த மாதம், எத்தனை பேர் எண்டு கடற்றொழிலாளர் சங்கங்கள் முடிவெடுக்கட்டும். வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போகும் வேலை, அந்தப் பாரைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஆக்களுக்கே கிடைக்கட்டும். முதல் வருசம் ஒரு றாலும் பிடிக்காமல், பார்த்துவிட்டு மட்டும் வந்தாலும் குறைவில்லை.

இது கொழும்பில் ஒரு ஹோட்டல் அறைக்குள் தீர்மானமாகி, மன்னாருக்கு பெனரும் மேடையும் மட்டும் வந்துசேருமெண்டால், 1905க்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அப்படியொரு விழாவுக்குத் தொண்டர்களாக நிற்க எங்களைக் கூப்பிட்டால், நாங்கள் வரமாட்டோம்.