உட்காரு மணி!

எங்கள் எழுமலை வீட்டுக்குக் கோம்பைக் குட்டி ஒன்று வந்து பத்து நாளாகிறது. ‘மணி, உட்காரு!’ என்று கத்திக் கத்திக் களைத்துப்போய் உட்காருவது நான்தான்.

முந்தாநாள் ஆபீஸ் விட்டு வந்தால், என் இடதுகால் செருப்பு பாதிதான் பாக்கி. கையை ஓங்கினேன். மணி கட்டிலுக்கடியில் போய் நடுங்கினான்.

“காலையில கடிச்சதுக்குச் சாயங்காலம் அடிச்சா அதுக்கென்னடா தெரியும்? நீ வந்தா அடி விழும்னுதான் தெரிஞ்சுக்கும்” என்றாள் அப்பத்தா.

நாயின் ஜீரணத்தை ஆராய்ந்து 1904-ல் நோபல் வாங்கிய ரஷ்யாக்காரர் பாவ்லவ் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான்: இரண்டு சங்கதி அடுத்தடுத்து வந்தால்தான் நாய் முடிச்சுப் போடும்.

நேற்று அவித்த முட்டைத் துண்டை மூக்குக்கு மேலே தூக்கிக் காட்டினேன். தலை மேலே போக, பின்பக்கம் தானாக இறங்கியது. அந்த நொடியே கொடுத்தேன். ஆறாவது தடவை, சொன்னதுமே உட்கார்ந்தான்!

இன்று சாயங்காலம் என்னைக் கண்டதும் வாசலுக்கே ஓடி வந்தான். வாயில் வலதுகால் செருப்பு.