எப்.சி. இருந்தால் போதுமா?

காலை நேரம். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நிற்கிறது. அப்பா ஓடுகிறார்; அம்மாவும் ஓடுகிறார். பிள்ளை அதற்கு முன்பே வேன் ஏறியாச்சு. சாயந்தரம் அதே வேன் பிள்ளையைக் காப்பகத்தில் இறக்கிவிடும். ஆபீஸ் விட்டு வந்து கூட்டிப் போகலாம். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் இதுதான் ஏற்பாடு.

அந்த வேனுக்குள் ஒருநாளாவது எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

2012 ஜூலை 25. இடம், தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். பள்ளி விட்டு வீடு திரும்பிய 2-ம் வகுப்புச் சிறுமி, பஸ் தரையில் இருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்தாள். சக்கரம் ஏறியது. பிஞ்சு உயிர் போயிற்று. அந்த பஸ்சுக்கு எப்.சி. இல்லாமல் இல்லை! அதே மாதம்தான் வாங்கியிருந்தார்கள்.

ஊரே கொதித்தது. ஐகோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி பஸ்களுக்குத் தனி விதிகள் வந்தன. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும், பிள்ளைகளை ஏற்றி இறக்க உதவியாளர் வேண்டும் என்றார்கள்.

2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி 2-ம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமரா கட்டாயம் ஆனது.

ஒவ்வொரு விதிக்கும் ஒரு பிள்ளையின் உயிர்தான் விலையா?

பள்ளி திறக்கும் முன் அதிகாரிகள் பஸ்களைச் சோதிக்கிறார்கள். நல்லதுதான். அன்று கழுவித் துடைத்து வந்து நிற்கிற வண்டி, ஐப்பசி மழையில் எப்படி இருக்கும்? துருப்பிடித்த தகடு எப்.சி. தேதி பார்த்தா உடையும்? சாயந்தர வேளையில் காப்பக வாசலிலும் திடீர் சோதனை நடக்கட்டும்.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது முதல், பக்கத்து ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பது பெரியவர்களுக்கே பெரும்பாடு. ஐந்து வயசுப் பிள்ளையை ரோட்டோரம் இறக்கிவிட்டு, ''ஓடு கண்ணு'' என்றால் சரியா? உதவியாளர் கையில் இருந்து காப்பக ஆயா கைக்குப் பிள்ளை மாற வேண்டும். பிள்ளை கேட்டுக்குள் போகும் வரை வண்டி நகரக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு நிமிஷ வேலை உண்டு. பீஸ் கட்டும்போது ரசீதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோல வண்டியின் தரையையும் பார்க்க வேண்டும். கோளாறு இருந்தால் அன்றே பள்ளியைக் கேட்க வேண்டும்.

எப்.சி. பேப்பரில் ஓட்டை தெரியாது. குனிந்து பார்த்தால்தான் தெரியும்!