பெடல் துடித்தால் முதலில் அளந்து பாருங்கள்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிக்கப் ஓட்டிப் பிழைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

பிரேக் மிதிக்கும்போது பெடல் காலுக்கு அடியில் துடித்தால், நம் ஊரில் முதலில் மாற்றுவது பேட். சரியாகவில்லையா, டிஸ்க். அப்படியும் போகவில்லையா, மாஸ்டர் சிலிண்டர். இதற்கு ரிப்பேர் என்று பெயர் வைத்திருக்கிறோம். என்னைக் கேட்டால் இது விடை தெரியாத பையன் நான்கு விடைகளையும் டிக் அடிப்பது மாதிரி. எட்டாம் வகுப்பிலேயே அதற்கு நான் மார்க் போட்டதில்லை.

என் தங்கை மகன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் கொடைக்கானல் மலைக்குமாகப் பிக்கப் ஓட்டுகிறான். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, எது கிடைத்தாலும் லோடு. மூன்று மாதத்தில் இரண்டு தடவை பேட், ஒரு தடவை முன்பக்க டிஸ்க் ஜோடி மாற்றியிருக்கிறான். கூலியோடு 12,000 ரூபாய்க்கு மேல். புது டிஸ்க் போட்டதும் பெடல் வெண்ணெய் மாதிரி இருந்ததாம். நாலைந்தாயிரம் கிலோமீட்டரில் பழையபடி துடிப்பு. "பழகிப் போச்சு மாமா" என்றான். அந்தச் சொல்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

கணக்கைப் பாருங்கள். லோடோடு வண்டி 3 டன். மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை 1,500 மீட்டருக்கு மேல் இறக்கம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 4.5 கோடி ஜூல். ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மிச்சம் அத்தனையும் பிரேக் தலையில். அந்த இறக்கத்தில் பழகிப்போகிற குறையா இது?

நம்முடைய பழைய மாணவர் ஒருவர் திண்டுக்கல்லில் லேத் வைத்திருக்கிறார். அவரிடம் அனுப்பினேன். அவர் ஸ்பேர் எதையும் தொடவில்லை. முதலில் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். துடிப்பு வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறைந்தது. சக்கரச் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஐந்தாறு சுற்று சுற்றும். வேகம் பாதியானால் துடிப்பும் பாதியாகிறது என்றால், குறை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது என்று அர்த்தம். (சடன் பிரேக் போடும்போது மட்டும் கடகடவென்று அடித்தால் அது ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது, அதற்காக ஒர்க்‌ஷாப் போகாதீர்கள்.) அடுத்து, ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடியது. அது பெரும்பாலும் முன்சக்கரம். பின் டிரம்மையும் சோதித்தார்: மெதுவாக ஓட்டி, ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கியபடியே லேசாக இழுத்தார். டிரம் வட்டம் கெட்டிருந்தால் அப்போதே வண்டி விட்டு விட்டுப் பிடிக்கும். பிடிக்கவில்லை.

பிறகு ஜாக்கி போட்டு, வீல் பேரிங்கில் ஆட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி டயல் கேஜ் வைத்தார். ஒரு சுற்றில் முள் 0.14 மில்லிமீட்டர் ஆடியது. இரண்டு தலைமுடி கனம். பல வண்டிகளுக்கு 0.05 முதல் 0.1க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றினால் ஹப் முகத்தில் துரு, செதில் செதிலாக. அதன் மேலேயே புது டிஸ்க்கை உட்கார வைத்திருக்கிறார்கள்! போதாக்குறைக்கு ஏர் கன் வைத்து ஒரு நட்டை ஒரேயடியாகவும் அடுத்ததை அரைகுறையாகவும் இறுக்கியிருக்கிறார்கள்.

புது டிஸ்க் ஏன் சில ஆயிரம் கிலோமீட்டர் நன்றாக இருந்தது என்பதற்கு விடை இங்கேதான். சாய்ந்து உட்கார்ந்த டிஸ்க், பிரேக் மிதிக்காதபோதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பேடை உரசிக்கொண்டே போகும். அந்த இடம் தேயும். டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறும். கனமான இடம் வரும்போது பேட் காலிப்பர் பிஸ்டனைப் பின்னால் தள்ளும், பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், ஆயில் உங்கள் காலைத் தள்ளும். பாஸ்கல் விதி. 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கன வித்தியாசம்தான். மைக்ரோமீட்டர் வைத்து எட்டு இடத்தில் அளந்தார், 0.04 வித்தியாசம். அவ்வளவே போதும் கால் உணர.

ஹப்பைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்தார். டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச கனத்துக்கு மேல் தாராளமாக இருந்ததால் இரண்டையும் லேத்தில் லேசாகக் கடைந்தார். மறுபடி டயல் கேஜ்: 0.03. நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பானரால், இரண்டு மூன்று சுற்றில் இறுக்கினார். பிறகு 50லிருந்து 10 வரை பத்துத் தடவை, நடுவில் ஆறவிட்டு, முழுசாக நிறுத்தாமல் மிதித்துப் பேடைப் பதிய வைத்தார். வாங்கியது 1,500 ரூபாய்.

என் கோபம் முழுக்க மெக்கானிக் மேல் இல்லை. ஸ்பேரை மாற்றினால் கேட்ட கூலி கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் குனிந்து அளந்துவிட்டு 500 ரூபாய் கேட்டால், "சும்மா பாத்ததுக்கா?" என்கிறோம். டாக்டரிடம் அப்படிக் கேட்போமா? மூளைக்குக் கூலி இல்லாத இடத்தில் மெக்கானிக் ஸ்பேர்தான் விற்பார். ஆகவே அடுத்த முறை டிஸ்க் மாற்றச் சொன்னால், "ஹப்பில் ஆட்டம் எவ்வளவு, அளந்தீர்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அளந்தால் அதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள்.

இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நெடுக மிதித்துச் சூடேறிய பிரேக்கை, டீக்கடையில் நிறுத்தி அப்படியே அமுக்கி வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பேடின் அச்சு டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும், அதுவும் துடிப்பு தரும். சமதளத்தில் கியரில் போட்டு, கல் முட்டுக் கொடுத்து, காலை எடுத்துவிடுங்கள். பெடல் துடிக்காமல் மெத்தென்று கீழே இறங்கினால் அது வேறு வியாதி. அந்த வண்டியை ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

டார்க் ஸ்பானர் ஒன்று நானே வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் வீட்டுக்கு வந்து எடுத்துப் போகலாம், நோட்டில் பெயர் எழுதிவிட்டு. முன்பு இரவல் கொண்டுபோன என் காம்பஸ் பெட்டிகள் இன்னும் சிலரிடம் இருப்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.