நோய் திரும்பிய வீட்டிற்கு யார் போகிறார்கள்?

பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்ற செய்தி முதன்முறை எட்டும்போது நமது ஊர்கள் சும்மா இருப்பதில்லை. வாசிகசாலை இளைஞர் பணம் சேர்க்கின்றனர். கோயிலில் அருச்சனை நடைபெறுகிறது. பிறநாட்டிலுள்ள உறவினர் காசு அனுப்புகின்றனர். இந்த இரக்கத்தை நாம் குறைத்து மதிப்பவரல்லோம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு வைத்தியம் முடிந்து, உதிர்ந்த தலைமயிர் வளர்ந்து, பிள்ளை மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னர் அதே நோய் திரும்பி வருமாயின், அவ்வீட்டு வாசலில் எத்தனை சோடிச் செருப்புக்கள் கிடக்கின்றன? இதனையே நாம் இன்று கேட்க விரும்புகிறோம்.

முதன்முறை போராடியபோது குடும்பத்திடம் ஏதோ கையிருப்பு இருந்தது. இரண்டாம் முறை நோய் வரும்போது தாலிக்கொடி அடைவில் இருக்கும். தோட்டக் காணி ஈட்டில் இருக்கும். உத்தியோகம் பார்க்கும் தந்தையின் லீவு முடிந்திருக்கும். கமக்காரனுக்கோ லீவு என்ற ஒன்றே கிடையாது. காலபோக விதைப்பு நாளில் பிள்ளையின் கட்டிலருகே இருந்தவனுக்கு அவ்வாண்டு நெல் இல்லை, அவ்வளவுதான். அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம் என்பது இந்நாட்டின் பெருமைகளுள் ஒன்று. அதை மறுப்பார் யார்? எனினும் நாட்டின் பிரதான புற்றுநோய் வைத்தியசாலை மகரகமையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து அங்கு போக ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பஸ் செலவும், தங்குமிடமும், சாப்பாடும், பேத்தியாரிடம் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் பராமரிப்பும் இலவசமல்ல. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

பணக் கஷ்டத்தினும் கொடியது ஊர்வாய். "தாய் என்னத்தைத் தின்னக் கொடுத்தாளோ", "நேர்த்தியைத் தீர்க்காமல் விட்டார்களோ" என்று பேசுவோர் தாம் செய்வது இன்னதென்று அறியார். வைத்தியத்தில் தப்பிய மிகச் சில நோய்க் கலங்கள் என்பு மச்சையிலோ, மூளையைச் சூழ்ந்த இடத்திலோ ஒளிந்திருந்து பின்னர் பெருகுவதே நோய் திரும்புவதன் காரணம். சோற்றிலும் கறியிலும் அக்காரணம் இல்லை. தாய் கொடுத்த உணவோ, தீர்க்காமல் விட்ட நேர்த்தியோ அதனை வரவழைக்கவில்லை.

நோய் திரும்பியது என்றால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதும் பிழை. அப்படி எண்ணுதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1948 ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி பார்பர் தாம் மருந்து கொடுத்த 16 பிள்ளைகளுள் 10 பேரிடம் நோய் தணிந்தது என்று எழுதி உலகை வியக்கவைத்தார். ஆயினும் அத்தணிவு சில மாதங்களே நின்றது. பின்னர் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை வந்தது. அவற்றுள் ஒன்றான வின்கிறிஸ்ரின் நமது வளவுகளில் தானே முளைக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. (அதற்காக அச்செடியை அவித்துக் குடிக்கக் கொடுப்போர் பிள்ளைக்கு நஞ்சையே கொடுக்கின்றனர்.) இன்று வசதிமிக்க நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் பிழைக்கின்றனர். நோய் திரும்பியவர்களுள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேர் அங்கு தப்புகின்றனர். வைத்தியம் முடிந்து நெடுநாள் சென்று திரும்பிய நோய்க்கு நம்பிக்கை அதிகம். வைத்தியம் நடக்கும்போதே திரும்பியதற்குக் குறைவு.

இந்த வேறுபாட்டைத் தாய்க்கும் தந்தைக்கும் விளங்கும் மொழியில் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டாமா? 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. இருந்தும், தன் பிள்ளைக்கு இனிச் செய்யப்போவது யாது என்பதை வழியிற் போகும் சிற்றூழியர் ஒருவரின் நல்லெண்ணத்தினால் அரைகுறையாக அறிந்து ஒரு தமிழ்த்தாய் சம்மதக் கையொப்பம் இடுவாளாயின், அச்சம்மதம் சம்மதமாகுமா? பாராளுமன்றத்திலே மொழியுரிமை பேசும் நமது பிரதிநிதிகள் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளரை நோயாளர் விடுதிக்குக் கேட்டு வாங்கட்டும். இனி வைத்தியத்தால் குணமாகாது என வைத்தியர் சொல்லும் வேளையும் வரலாம். அப்போது வலியைத் தணித்துப் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெற்றோரைக் கைவிட்டவர் என்று எவரும் சொல்லலாகாது. நோவின்றிக் கழியும் நாளும் வைத்தியம் தந்த நாளே.

வீட்டிலிருக்கும் மற்றப் பிள்ளையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. என்பு மச்சை மாற்றும் சிகிச்சை தேவைப்படின் முதலில் அப்பிள்ளையின் இரத்தத்தையே பரிசோதிப்பர். உடன்பிறந்தார் ஒருவரின் மச்சை முற்றாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பொருந்தாவிட்டால் தன்னிலேயே குற்றம் என்று அப்பிள்ளை எண்ணக்கூடும். இரண்டு ஆண்டுகள் தாயை அரைகுறையாகக் கண்ட பிள்ளை அது. அதன் ஆசிரியருக்கு இது தெரிந்திருத்தல் வேண்டும்.

2011 ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்த்த பணத்தினாலன்றோ தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது! அத்தகைய மக்களுக்கு ஒரு குடும்பத்தின் இரண்டாம் சோதனை பெரும் பாரமன்று. ஐக்கிய சங்கம் அவ்வாண்டுக் கடன் தவணையைப் பின்போடலாம். பக்கத்து வயற்காரர் உழுது விதைத்துக் கொடுக்கலாம். கந்தோரில் உடன் வேலை செய்பவர்கள் அத்தந்தையின் வேலையைப் பங்கிட்டுக் கொள்ளலாம். இன்னுமொன்று: வைத்தியம் நடக்கும் காலத்தில் பிள்ளைக்கு 38 பாகை காய்ச்சல் கண்டாலே விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலை சேர்க்கவேண்டும்; அந்நிலையில் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். வீட்டில் வாகனம் இல்லையெனின், இரவு இரண்டு மணிக்கு எந்த வீட்டுப் படலையைத் தட்டலாம் என்பதை அக்குடும்பம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.