எல்லாம் இருப்பவர்களுக்கு என்ன கொடுப்பது?



ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் புது வீட்டுப் பத்திரிகைகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். போன ஆவணியில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள். இரண்டு மாடி, தேக்குக் கதவு, உள்ளே லிஃப்ட்கூட உண்டு. தெருவில் ஒரு வீடு விடாமல் பத்திரிகை வைத்தார்கள்.

அன்று சாயங்காலம், ஏழாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுப் பையன் என்னிடம் வந்தான். அவன் அம்மா தையல் வேலை செய்கிறவர்.

"டீச்சர், நாங்க போகலையாம். அவங்ககிட்ட எல்லாமே இருக்கு, நாம முந்நூறு ரூபாய்க்கு எதை வாங்கிட்டுப் போனாலும் கேவலமா இருக்கும்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றான். முகம் வாடிக் கிடந்தது. லிஃப்டில் ஏறிப் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை!

உங்களில் பலர் வீட்டிலும் இந்தப் பேச்சு நடந்திருக்கும். பரிசு வாங்கக் காசில்லை என்று விசேஷத்துக்கே போகாமல் இருந்துவிடுவார்கள். இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது பெரிதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டுமே தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

1996-இல் நாங்கள் ஒரு சின்ன வீடு கட்டினோம். அன்றைக்கு வந்த பரிசுகளில் சுவர்க்கடிகாரம் மட்டும் 11. எங்கள் வீட்டில் அத்தனை சுவர் ஏது? பால் குக்கர் 3. பெயர் வெட்டிய எவர்சில்வர் குடங்கள் வேறு. கடிகாரங்களில் நாலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். மிச்சத்தில் பலவற்றை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன், பிரிக்காமலே மற்றவர்கள் விசேஷத்துக்குக் கொடுத்துவிட்டோம். அதில் ஒன்று மூன்று வருடம் ஊர் சுற்றிவிட்டு என் மகளின் காதுகுத்துக்குத் திரும்பி வந்தது. டப்பாவுக்குள் எங்களுக்கு முதலில் கொடுத்தவரின் வாழ்த்துச் சீட்டு அப்படியே இருந்தது!

சரி, பால் காய்ச்சிய கதைக்கு வருகிறேன். விடியற்காலை நேரம். உப்பு, மஞ்சள், நிறைகுடம் எல்லாம் வீட்டுக்குள் போயாயிற்று. அடுப்பில் பாலும் பொங்கிவிட்டது. "இறக்கும்மா, இறக்கு" என்கிறார் மாமியார். எதைப் பிடித்து இறக்குவது? இடுக்கி பழைய வீட்டு மூட்டைக்குள் எங்கேயோ இருக்கிறது. பட்டுப்புடவைத் தலைப்பால் பிடிக்கப் போய்விட்டேன். அப்போது, எங்கள் பள்ளியில் சத்துணவு சமைத்த அம்மா தன் பையைத் திறந்து ஒரு துணியை நீட்டினார். பழைய நூல் சேலையை நாலாக மடித்துக் கையாலேயே தைத்த கரித்துணி. மொத்தம் ஆறு தைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"புது வீட்ல இதுதாம்மா இருக்காது" என்றார். அடுப்படியிலேயே நிற்கிறவருக்குத்தானே அது தெரியும்!

இன்னொன்றும் சொன்னார். கரித்துணிக்கு நூல் துணிதான் வேண்டும். நைலான், பாலியெஸ்டர் சேலையில் தைத்தால் சூட்டில் இளகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் பாடம் நடத்தும் நான் அன்றைக்கு அவரிடம் பாடம் கேட்டேன்.

எவ்வளவு பெரிய வீடானாலும் முதல் நாள் அது கைக்குழந்தை மாதிரிதான். டிவி இருக்கும், தீப்பெட்டி இருக்காது. துணி துவைக்கும் மெஷின் இருக்கும், கொடி கட்டக் கயிறு இருக்காது. விளக்குக்குத் திரி, ஊக்கு, நாலு ஆணி என்று யாராவது ஒருவர் கடைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருப்பார். அடுத்த தடவை விசேஷ வீட்டுக்குப் போகும்போது கவனித்துப் பாருங்கள்.

மொய் வேறு, பரிசு வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் ஆடி மாதத்தில் மொய்விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் செய்யும் தொகையை நோட்டில் எழுதிக்கொண்டு, அவர்கள் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்வார்கள். வட்டியில்லாக் கடன் மாதிரிதான். அதில் கணக்குப் பார்ப்பது நியாயம். பரிசுக்கு எதற்குக் கணக்கு? சில ஊர்களில் யார் எவ்வளவு செய்தார்கள் என்று மைக்கில் வாசிக்கிறார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் காதில், "உன் அப்பா நூற்றியொன்று" என்று விழுந்தால் அதற்குச் சோறு இறங்குமா? மைக்செட்காரர்கள் என்மேல் கோபித்துக்கொண்டாலும் சரி, இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

"கரித்துணியைப் பார்த்து அவங்க சிரிக்க மாட்டாங்களா டீச்சர்?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. சிரிப்பவர்களும் உண்டு. வசதியான உறவினர் ஒருவருக்கு நானே பஞ்சுத் திரி திரித்துக் கொடுத்தேன். மறு வருடம் அது பிரிக்காமல் பரணில் கிடந்ததைப் பார்த்தேன். வலித்தது. ஆனால், 2,000 ரூபாய் போட்டு வாங்கிய பொருளைப் பரணில் பார்த்திருந்தால் இன்னும் அதிகமாக வலித்திருக்கும்!

பிறகு அவனிடம் கேட்டேன். "அவங்ககிட்ட வீடு இருக்குப்பா. இந்தத் தெருவைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?"

கொஞ்ச நேரம் விழித்தான். அப்புறம் விறுவிறுவென்று ஓடினான். ராத்திரி ஒரு சார்ட் பேப்பருடன் வந்தான். தெருவை அழகாக வரைந்திருந்தான். பால் கடை எங்கே, ரேஷன் கடைக்கு எது குறுக்குவழி, நகராட்சித் தண்ணீர் எந்தெந்தக் கிழமை, குப்பை வண்டி எத்தனை மணிக்கு, எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது. கடிக்கிற நாய்க்குச் சிவப்புப் பென்சில்!

அவன் அம்மாவும் மனசு மாறி, மிச்சம் விழுந்த நூல் துணிகளில் ஆறு கரித்துணி தைத்துவிட்டார். ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார்கள். ஒரு காலத்தில் மஞ்சப்பை என்றாலே பட்டிக்காடு என்று கேலி செய்தார்கள். 2021-இல் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் போட்டது. அதனால் அந்தக் கவலையும் இல்லை.

நாங்கள் போனபோது மேஜை நிறைய ஜிகினாத் தாள் சுற்றிய பொட்டலங்கள். அதைப் பார்த்ததும் பையன் சார்ட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். அந்த வீட்டுப் பாட்டிதான் பார்த்துவிட்டு, "என்னடா கண்ணு அது?" என்று கேட்டு வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, விரலை வைத்துத் தெரு நெடுக நடந்தார்.

"கீரைக்காரம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஏழு மணிக்குப் பாட்டி. ஆனா செவ்வாய்க்கிழமை வரமாட்டாங்க."

"அதை இதுல எழுதலையேப்பா!"

பையன் எழுதத் தயாராகிவிட்டான். பாட்டி மகனைக் கேட்டார், மகன் மருமகளைக் கேட்டார். அவ்வளவு பெரிய வீட்டில் அன்றைக்கு ஒரு பேனா அகப்படவில்லை!