இல்லத்தரசியர் பகுதி: வெட்டிவேர்ச் சோப்பு

கடலூரை அடுத்த நொச்சிக்காட்டு மணற்பாங்கில் வெட்டிவேர் விளைவதை நம் வாசகர் பலர் அறிவர். அவ்வேரைக் கொண்டு அழகிய சோப்புச் செய்யும் முறையை இம்மாதம் கூறுகின்றோம்.

கிளிசரின் சோப்புக் கட்டி கடையிலேயே கிடைக்கிறது. காஸ்டிக் சோடா அதில் முன்னரே எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிட்டமையால், நாம் அதனைத் தொட வேண்டுவதில்லை. கட்டியைத் துண்டுகளாக்கி, கொதிநீரில் வைத்த பாத்திரத்தில் உருக்குக. சோப்புக் கொதிக்கலாகாது. சற்று ஆறியதும் 100 கிராமுக்கு 1 கிராம் வாசனை எண்ணெய் கலந்து, அச்சில் ஊற்றுக. கழுவி நன்கு உலர்த்திய வேரைப் பொடியாக நறுக்கித் தூவலாம். பெரிய துண்டுகள் குழந்தைகளின் மேனியை உறுத்தும். சிலர் பச்சை மலரிதழ்களைப் பதிக்கின்றனர். பார்வைக்கு இனிதே; ஆயினும் சில நாட்களில் அவை பழுப்பேறும், பூஞ்சணமும் பற்றும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் பெருந்தொல்லை ஈரக்காற்றுதான். கிளிசரின் ஈரத்தை ஈர்ப்பதால், ஐப்பசி கார்த்திகை மழையில் சோப்பின்மேல் வியர்வைபோல் நீர் துளிர்க்கும். கெட்டுவிட்டதென எறிய வேண்டாம், துடைத்துப் பயன்படுத்தலாம். கிறிஸ்துமஸ் பரிசாக வழங்க எண்ணுவோர், அச்சிலிருந்து எடுத்த அன்றே பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாது சுற்றிவைப்பாராக.

பங்குத் திருவிழாவில் விற்க விரும்பும் மகளிர் குழுவினர்க்கு ஒரு சொல்: மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தில் 1982-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சோப்பும் அடங்கியது. விற்பனைக்குச் செய்ய உரிமம் வேண்டும்.